போற வழியிலதான்

ரூட்டு மாமன் என்று ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சில வீடுகளில் சித்தப்பாவாக இருப்பார், சில வீடுகளில் மூத்த மருமகனாக இருப்பார். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்றால் கேஸ் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். களியக்காவிளையில் எங்களுக்கு வாய்த்தவர் அம்மாவின் தம்பி, அசல் மாமன். தாலுகா ஆபீசில் சர்வே பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் நிலத்தை அளக்க முடியாததால் ஊரார் பயணத்தை அளக்கிறார்.

நீங்கள் எங்கேயோ புறப்படுகிறீர்கள் என்று அவர் காதில் விழுந்தால் போதும். எதற்கு, யாரோடு என்றெல்லாம் கேட்கமாட்டார். "எந்த வழியாட்டு போற?" என்பார். சொன்னதும் அரை நிமிடம் கண்ணை மூடுவார். பிறகு வரும் அந்த வாசகம்: "அப்போ போற வழியிலதான்..." ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சுமாகப் புறப்பட்ட எங்களை வழிமறித்து, "போற வழியிலதான் பத்மநாபபுரம் அரண்மனை. ஆனா இண்ணு திங்கக்கிழமை, அரண்மனைக்கு லீவாக்கும். நாளைக்கு போவமா?" என்றார். நோயாளிக்குத் திங்கட்கிழமை லீவு இல்லை என்று மாமிதான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தச் சீக்குக்கு ஊரும் ஒரு காரணம். களியக்காவிளையில் பிறந்தவனுக்கு எல்லை என்பது பெரிய சமாசாரமே இல்லை. பன்வேலில் தொடங்கி மேற்குக் கடலோரமாக இறங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 66-ஆம் எண் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இஞ்சிவிளை, பாறசாலை. இந்தப் பக்கம் படந்தாலுமூடு, குழித்துறை. மீன் ஒரு மாநிலத்திலும் அதற்குப் புளி இன்னொரு மாநிலத்திலும் வாங்கிப் பழகிய ஜனம். மாமனின் அப்பா இன்னும் ஒரு படி மேலே போனவர். திருவிதாங்கூர், 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், 1969-ல் தமிழ்நாடு என்று, உட்கார்ந்த திண்ணையை விட்டு எழும்பாமலே நாலு ராஜ்யம் பார்த்துவிட்டார். மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சி பிள்ளைக்குத் திருப்பதியில் முடியிறக்குவதாக நேர்ச்சை. டெம்போ டிராவலர் பிடித்து மே மாதம் எல்லாரும் போவது என்று பேச்சு. மதுரை, திருச்சி, விழுப்புரம், வேலூர், திருப்பதி. அதே வழியில் திரும்பி வர வேண்டியதுதான். இதில் திட்டம் போட ஒன்றுமே இல்லை. அதுதான் மாமனைப் படுத்திவிட்டது. இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் காலையில் கையில் நோட்டோடு வந்து வாசலிலேயே அறிவித்தார்: "திருப்பதி போற வழியிலதான் கண்டிக்கோட்டை."

கண்டிக்கோட்டை ஆந்திராவில், கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகிலிருந்து 15 கிலோமீட்டரில் இருக்கிறது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வருகிற பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிற இடம். சிவந்த பாறைச் சுவர்கள் சுமார் 300 அடிக்குச் செங்குத்தாக நிற்க, அடியில் ஆறு. விளிம்பில் ஒரு பழைய கோட்டை. ராயலசீமையின் வறட்சியும் சேர்ந்துகொள்வதால் 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்ற பட்டம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. மாமன் செல்போனில் ஒரு நிமிடப் படத்தைப் பார்த்திருக்கிறார். மீதியை நூலகத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது.

அது திருப்பதி போகிற வழியில் இல்லை. திருப்பதியைத் தாண்டி வடமேற்கே கடப்பைக்கு 140 கிலோமீட்டர். அங்கிருந்து ஜம்மலமடுகு, அப்புறம் கோட்டை. போக மட்டும் 230 ஆகிறது. திரும்பவும் வேண்டுமல்லவா?

ஆனால் ரூட்டு மாமன்கள் இந்த இடத்தில்தான் தங்கள் திறமையைக் காட்டுவார்கள். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கோட்டை விற்பார்கள். அம்மச்சியிடம் போய், "மாதவராயர் கோவில், ரங்கநாதர் கோவில், ரெண்டு பெருமாளும் ஒரே கோட்டைக்குள்ள" என்றார். பூசை நின்று வெகுகாலம் ஆயிற்று என்பதை விழுங்கிவிட்டார். அம்மாவிடம் அங்கே உள்ள பிரம்மாண்டமான தானியக் களஞ்சியத்தைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்குப் பழைய நெல்லறை ஞாபகம் வந்து கண் கலங்கியது. பிள்ளைகளிடம் ரீல்ஸ். சரித்திரம் படித்த மச்சானிடம் பெம்மசானி நாயக்கர்களும் மீர் ஜும்லாவும். சாயாக்கடை வாப்பாவிடம் ஜும்மா மசூதியின் அழகை வர்ணித்தார். வாப்பா பயணத்திலேயே இல்லை. ஆனாலும் அவர் வந்து எங்களிடம், "போறதுதான் போறிய, அதையும் பாத்திட்டு வாங்க" என்று சிபாரிசு செய்துவிட்டுப் போனார்.

பள்ளத்தின் ஆழத்தை விளக்கத்தான் மாமன் சொந்தமாக ஓர் அளவு வைத்திருந்தார். 300 அடி என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. அதுல ரெண்டரை" என்றதும் புரிந்துவிட்டது. 1966-ல் பாசனத்துக்காகக் கட்டிய பாலம், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஆகாயத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிறது. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே எங்களுக்கு அதுதான். அதன் மேலே நின்று கீழே துப்பிப் பார்க்காத பிள்ளை விளவங்கோடு தாலுகாவில் இல்லை. "அப்போ அமெரிக்காவுல உள்ளது?" என்று கேட்டான் சின்னவன். மாமன் நோட்டில் வகுத்தார். 6,000 அடி. "ஐம்பத்திரண்டு தொட்டிப்பாலம்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம் என்று அவர் மேலே சொன்னதெல்லாம் அந்த ஐம்பத்திரண்டுக்கு முன்னால் எடுபடவில்லை.

பள்ளம் எப்படி உண்டாயிற்று என்ற பாடம் காலைப் பலகாரத்தின்போது நடந்தது. புட்டுக்குழலிலிருந்து முழுசாக இறங்கிய புட்டு மாமனின் இலையில் ஆவி பறக்கக் கிடந்தது. அதை உடைக்காமல் குறுக்கே விரலால் ஒரு சால் இழுத்தார். "இது எர்ரமலை." சாலின் ஒரு முனையில் கடலைக்கறியை ஊற்றினார். "இது பெண்ணாறு." சாறு மெதுவாக ஊர்ந்து நடுவுக்கு வந்ததும் தேங்காய்த் துருவலோடு கரை சரிந்து, ஆறு மூடிப்போயிற்று.

"மாமா, சுவரு நிக்கலியே?" என்றான் சின்னவன்.

"புட்டு நிக்காது மக்களே. அது குவார்ட்சைட்டுக் கல்லாக்கும். நூறு கோடி வருஷத்துக்கு மேல உள்ளது. அடுக்கடுக்கா வெடிச்சுக் கட்டைகட்டையா விழுமே தவிர, சரிஞ்சு வராது. அதனாலதான் சுவரு மாதிரி நிக்கிது."

"கல்லு நிக்கட்டு. கடலை ஆறுது, தின்னுங்க" என்றாள் மாமி. மாமன் நூறு கோடி வருடத்தைப் பிசைந்து தின்றார்.

மனைவி, மக்கள், மாமியார் எல்லாரையும் வென்றுவிட்டாலும் ரூட்டு மாமனுக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. அவன்தான் டிரைவர். எங்களுக்கு வந்தது டி.என் 75 வண்டி, மார்த்தாண்டத்துப் பையன். திருப்பதி போய்வர மொத்தமாக ஒரு தொகை பேசியிருந்தான். மாமன் நோட்டை நீட்டினார். பையன் வரைபடத்தைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான்.

"சாரே, வழிண்ணா ரோடாக்கும். ரப்பர் ஷீட்டு ஒண்ணும் இல்ல, பிடிச்ச பக்கம் இழுக்கியதுக்கு."

"லேய், ஸ்டேட் தாண்டித்தானே போற. தாண்டியாச்சுண்ணா நூறு என்ன, இருநூறு என்ன?"

"ஸ்டேட் தாண்ட பெர்மிட்டு வேணும் சாரே."

"பெர்மிட்டா? நான் டெய்லி சாயா குடிக்கியதே ஸ்டேட் தாண்டியாக்கும்!"

பையன் ஒரு மாற்று யோசனை சொன்னான். பாலைவனம்தான் பார்க்க வேண்டுமென்றால் எதற்கு ஆந்திரா? சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் குதிரைமொழித் தேரி கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடு. காலையில் போனால் ராத்திரி வீட்டில் வந்து படுத்துக்கொள்ளலாம். மாமன் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கமே இருந்தது. இந்த ஜாதி மனிதர்களைப் பற்றி நான் கண்டுகொண்டது இதுதான்: உண்மையிலேயே வழியிலோ பக்கத்திலோ இருக்கிற எதுவும் அவர்கள் கண்ணில் வழியில் இருப்பதாகப் படாது. நாங்கள் போகிற நால்வழிச்சாலை ஓரத்திலேயே கயத்தாறு இருக்கிறது, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: திருப்பதி வரை பேசிய தொகை, அதற்கப்புறம் கிலோமீட்டர் கணக்கு, பேட்டா தனி. மாமன் தன் பென்ஷனிலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டார். மாமி அன்று சமைக்கவில்லை.

மச்சான் மட்டும், "திருப்பதிக்குப் போறவன் எவனாவது கண்டிக்கோட்டை வழியாப் போவானா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மாமன் அவனுக்கென்றே ஒரு சாட்சி வைத்திருந்தார்: தவெர்னியே, பிரெஞ்சுக்காரர், ரத்தின வியாபாரி. 1652-ல் மசூலிப்பட்டினத்தில் வந்து இறங்கினார். போக வேண்டியது கோல்கொண்டா, வடமேற்கே. அவர் என்ன செய்தார்? தெற்கே சென்னப்பட்டினத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி வடமேற்கே ஏறிக் கண்டிக்கோட்டைக்குப் போய், அப்போதுதான் கோட்டையைப் பிடித்திருந்த கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லாவைப் பார்த்துச் சரக்கைக் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கோல்கொண்டா போனார். ராஜாவிடம் போகுமுன் தளபதியைப் பார்த்தாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மாமனுக்கு அந்தக் கணக்கெல்லாம் முக்கியமில்லை. "அந்தக் காலத்துல மாட்டு வண்டியிலயும் பல்லக்குலயும் ஒருத்தன் போற வழியிலதான்ணு போயிருக்கான். நமக்கு ஏசி வண்டி." மச்சான் சரித்திரம் படித்ததற்காக முதல்முறையாக வருந்தினான்.

இந்த இனம் உள்ளூரில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்கள் வளைகுடாவில் நிறைய. மஸ்கட்டில் இருக்கிற ஒருவர் வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவில் ஊர்க்காரர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஜபல் ஷம்சுக்குப் போவார், 'நிஸ்வா சந்தைக்குப் போற வழியிலதான்' என்று. ஓமனிலேயே உயரமான மலை அது, 3,000 மீட்டர். விளிம்பில் நின்று ஆயிரம் மீட்டர் கீழே வாதி குல் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ராத்திரியே 240 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, சனிக்கிழமை காலையில் வேலைக்கு நிற்பார். அமெரிக்காவில் உள்ள சொந்தம் ஒன்று, ஊரிலிருந்து போன அப்பா அம்மாவை லாஸ் வேகசுக்குக் கூட்டிப்போய், 'பக்கத்துலதான் கிராண்ட் கேன்யன்' என்றிருக்கிறது. தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு அங்கிருந்து சுமார் 450 கிலோமீட்டர். மேற்கு விளிம்பு அதில் பாதிகூட இல்லை. ஆனால் அது பூங்காவைச் சேர்ந்ததல்ல, ஹுவாலபாய் பழங்குடியினரின் இடம். 2007-ல் திறந்த கண்ணாடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது. அம்மா கண்ணாடியில் கால் வைக்க மறுத்துவிட்டார், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், இருவரும் தாங்கள் பார்த்தது எந்த விளிம்பு என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

மாமனின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கல்யாணக் கடிதங்களின் வெள்ளைப் பக்கத்தைச் சேர்த்துத் தைத்தது. ஒரு பக்கம் மணமக்கள் வாழ்க, மறுபக்கம் பயண நிரல். மாலை 5.00 புறப்பாடு. 5.10 படந்தாலுமூட்டில் மறந்த சாமானை நினைவுகூர்தல் (மாமி). சாயாவுக்கு 8 நிமிடம். மூத்திரத்துக்கு ஆண்கள் 3, பெண்கள் 7. அம்மச்சிக்கு 12 என்று எழுதி, அடித்து, 15 ஆக்கியிருந்தார். திருப்பதியில் நள்ளிரவு 12-க்குப் புறப்பாடு, 5.00 கண்டிக்கோட்டை, 5.45 சூரிய உதயம். உதயத்துக்கு ஒதுக்கியது 20 நிமிடம். வேங்கடாசலபதிக்கு நேரமே ஒதுக்கவில்லை. 'தரிசனம்' என்று போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தார். அந்த மட்டில் அனுபவசாலி.

பயணத்தில் சொல்ல அதிகமில்லை. கயத்தாறில் எல்லாரும் தூங்கினோம். மலையில் பிள்ளைக்கு முடியிறக்கி, அது அழுத அழுகையில் வரிசையே திரும்பிப் பார்த்து, கேள்விக்குறி நீண்டு நீண்டு, லட்டு வாங்கிக் கீழே இறங்கும்போது விடிய ஆரம்பித்துவிட்டது. சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கடப்பையைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கறுப்பு மண், கடப்பைக் கல் அடுக்கிய வேலி, மரம் என்று சொல்ல ஒன்றிரண்டு. ரப்பர்த் தோட்டத்து நிழலில் வளர்ந்த கூட்டம், மேலே மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தது. கோட்டையை அடையும்போது மணி பதினொன்றரை. கடப்பைப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரி என்றால் அது நல்ல நாள். அன்று நல்ல நாள் இல்லை.

கோட்டை வாசலில் இறங்கி, மசூதியைத் தாண்டி, பாறைகளின் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். கம்பி வேலி எதுவும் இல்லை. கடைசிப் பாறையில் ஏறியதும் தரை திடீரென்று இல்லாமல் போகிறது. எதிரே செங்கல் அடுக்கினதுபோல் வரிவரியாகச் சிவந்த சுவர். எங்கேயோ அடியில் பச்சையாகத் தண்ணீர், அசையாத மாதிரி ஒரு வளைவு. சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிட்டன. மச்சான் போனை எடுக்க மறந்து நின்றான். மாமனைத் திட்டுவதற்கு வழிநெடுக வசனம் தயாரித்து வந்த மாமி, ஒன்றும் சொல்லாமல் அவர் சட்டைப் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடாமல் இருக்கத்தான்.

மாமன் கையை நெற்றியில் வைத்துக் கீழே பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். சர்வே பிரிவுக் கண்.

"ரெண்டரை இருக்காது போலிருக்கே" என்றார். "ரெண்டேகால்தான் வரும்."

அம்மச்சி பின்னால் மெல்ல வந்து சேர்ந்தாள். கோவிலில் சாமி இல்லாதது ஏற்கெனவே தெரிந்துபோய், கோபுரத்தை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்தவள். எட்டிப் பார்த்தாள். பள்ளத்தைப் பற்றியோ சுவரைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"லேய் மக்களே, தண்ணி இத்தன கீழ கிடந்தா, இஞ்ச உள்ள பொண்ணுங்க எங்ஙன கோருவாவ?"

மாமனிடம் தவெர்னியே இருந்தார், மீர் ஜும்லா இருந்தார், நூறு கோடி வருடம் இருந்தது. இதற்கு மட்டும் நோட்டில் பதில் இல்லை. கோட்டைக்குள்ளே இன்னும் வீடுகள் உண்டு. வெயில் தாங்காமல் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். அந்த வீட்டு அம்மா மோர் கொண்டுவந்தாள். அவளுக்குத் தெலுங்கு, அம்மச்சிக்குப் பாறசாலை வரைக்கும் செல்லுபடியாகிற தமிழ். இருவரும் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். குடம் எத்தனை, குளம் எந்தப் பக்கம், கோடையில் என்ன பாடு என்று அரைமணி நேரத்தில் அம்மச்சி முழு நீர்வளத் துறை அறிக்கை வாங்கிவிட்டாள். புறப்படும்போது பையிலிருந்து ஏத்தங்காய் உப்பேரிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாமனுக்காக மாமி ஒளித்துவைத்திருந்த கடைசிப் பொட்டலம்.

வண்டிக்குத் திரும்பியபோது டிரைவர் பையன் நிழலில் நின்று ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். மீட்டரைப் பார்த்துத் திருப்பதியிலிருந்து ஓடிய கிலோமீட்டரைக் குறித்திருந்தான். முகத்தில் தெளிவு.

"சாரே, பெலும் குகை இங்ஙன இருந்து அறுபது கிலோமீட்டராக்கும். மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம் உண்டாம். உள்ள போனா தரைக்கடியில நடந்துகிட்டே இருக்கலாமாம். அந்தக் கடைக்காரரு சொன்னாரு. போற வழியிலதான்."

பெலும் வடக்கே இருக்கிறது. களியக்காவிளை தெற்கே. மாமன் ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்தார். "இப்போ வேண்டாம்டே, பைய வீட்டுக்கு விடு" என்றார். அவர் ஓர் இடத்தை வேண்டாம் என்று சொல்லி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அம்மாகூடப் பதறி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாமன் ஊருக்கு வந்து மோரும் இளநீருமாக ஒரு வாரத்தில் தேறிவிட்டார். தேறாதது டிரைவர் பையன்தான். அடுத்த வீட்டார் வேளாங்கண்ணிக்குப் போக வண்டி கேட்டு அவனை அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"வேளாங்கண்ணியா? போலாமே. எந்த வழியாட்டு போணும்?" கொஞ்சம் இடைவெளி. "அப்போ போற வழியிலதான் பிச்சாவரம். அங்ஙன இருந்து ஒரு நூறு கிலோமீட்டர் வடக்கத்தான். போட்டுல சுத்தலாம், பிள்ளையளுக்கு நல்லா இருக்கும். வேளாங்கண்ணி வரை பேசுன தொகை. அதுக்கப்புறம் கிலோமீட்டர் கணக்கு, பேட்டா தனி."